நாலரை மணிப் பாண்

பாண் வண்டியின் பாட்டை நான் மாற்றியது
ஒரு செவ்வாய்க்கிழமை.
அதுவரைக்கும் நிந்தவூரில்
எல்லா வண்டிக்கும் ஒரே மெட்டு.
கோப்பை விளிம்பில் யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி
ஒன்பது சுரம், திரும்ப ஒன்பது சுரம்.
அதைக் கேட்டால் ஒழுங்கையில் படலைகள் திறக்கும்,
சில்லறை குலுங்கும்,
அழுத பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு
பணிஸ் என்னும்.

விஷயம் தொடங்கியது இரவில்.
பேக்கரியில் இரண்டு மணி.
மா பொங்க நாற்பது நிமிஷம்.
உதுமாலெப்பைக் காக்கா போறணைக்கு முன்னால்
நின்றபடியே தூங்குவார்.
நான் மாவுக் கையோடு
சுண்டுவிரலால் போனைத் தட்டித் தட்டி
பாட்டு விட்டுப் பாட்டுப் போவேன்.

முதலில் வந்தவர் பெரிய பாடகர்.
வெள்ளைக் கோட்டு, கப்பலின் மேல்தட்டு,
எண்பது கோடி தரம் கேட்டாயிற்றாம்.
நல்லாத்தான் பாடினார்.
கலியாண வீட்டு மின்குமிழ் மாதிரி
எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம்.

அவருக்குப் பின்னால், நான் கேளாமலே,
இன்னொருத்தி.
பிளாஸ்டிக் கதிரை. மடியில் அக்கோடியன்.
நாயொன்று குறுக்கே போகிறது, அவள் நிறுத்தவில்லை.
கேட்டவர்கள் முந்நூற்றுப் பதினொன்று.
பன்னிரண்டாவது நான்.

கீழே எழுதியிருந்ததைப் போனே
அரைவேக்காட்டுத் தமிழில் தந்தது:
ஆறு எங்கள் குழுவை இரண்டாக வெட்டுகிறது.
எக்காளம் ஊதுபவனுக்கு விசா இல்லை.
அவன் அக்கரையில் ஊதினான்,
நாங்கள் இக்கரையில் ஒட்டினோம்.

எக்காளம் என்றதும்
கியாமத்து நாளல்லவா நினைவுக்கு வரும்.
வந்தது அப்படியொன்றுமில்லை.
பஸ்ஸைத் தவறவிட்டவன் ஓடிவந்து
அடுத்த தரிப்பில் ஏறுகிற மாதிரி
அவள் வரி முடிந்த பிறகு,
மூச்சிரைத்தபடி, வந்து சேர்ந்தது.
அந்தப் பிந்தலுக்காகவே
ஏழு தரம் கேட்டேன்.
மா தட்டை விட்டு வழிந்தது.

ஏழாந்தரத்தில்தான் பிடிபட்டது.
ஒரு சொல்லும் விளங்காத பாட்டுக்குள்
அவள் தெளிவாகச் சொல்கிறாள்: பான்.
பிறகு, மேசா.
மறுபடி பான்.

காக்காவை உலுக்கி எழுப்பினேன்.
"இவள் மேசையில பாண் வைக்கிறாள் காக்கா."
"ஆரு?"
"தூரத்து ஒருத்தி."
"கடனுக்குக் குடுக்காத" என்றுவிட்டு
திரும்பவும் தூங்கினார்.

செவ்வாய், நாலரை.
அஸர் தொழுது சனம் கலைந்த நேரம்.
ஒலிபெருக்கியில் அக்கோடியன்.
அட்டப்பள்ளம் தொடங்கிக் கடற்கரை வீதி வரைக்கும்
ஒரு படலை திறக்கவில்லை.
தேர்தல் வண்டி என்று நினைத்தார்களாம்.
லொத்தர்காரன் என்றும்.
மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த சுபைதீன்
"கேஸ் வந்திட்டா?" என்றார்.
நாற்பத்திரண்டு பாணில் முப்பது மிச்சம்.

ஜெஸீலா ராத்தா மட்டும்
படங்கில் காயப்போட்ட நெல்லைத் துழாவியபடியே
வண்டியை மறித்தா.
பாண் கேட்கவில்லை. பாட்டு முடியும்வரை நின்றா.
"இந்தக் குழல் ஏன் மனே பிந்திப் பிந்தி வருது?"
"ஊதுறவனுக்கு விசா இல்ல ராத்தா."

அவவின் மூத்தவன் தோஹாவில்.
வீடியோவில் அவன் வாய் முதலில் அசையும்,
ஸலாம் பிறகு வரும்.
துழாவுகோலை மதிலில் சாத்தினா.
"ரெண்டு தா."
வழமையில் ஒன்றுதான்.

புதன்கிழமை முதலாளி உத்தரவு:
பழைய மெட்டு, பழைய சத்தம்.
சரியென்றேன். முப்பது பாணின் காசு
சம்பளத்தில் கழிந்தது.

இப்போது வெறும் பெட்டியோடு
வயற்கரையால் திரும்பும்போது போடுகிறேன்.
கொக்குகள் எழும்புவதில்லை, பழகிவிட்டன.
நேற்றுப் பார்த்தேன்:
முந்நூற்றுப் பத்தொன்பது.
மற்ற ஏழும் ஆரென்று தெரியாது.
ஒரு நம்பரை மட்டும்
ஜெஸீலா ராத்தாவின் பேரில்
நானாக எழுதிவைத்திருக்கிறேன்,
பாண் கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில்.